ஸ்பிளிட் பின் போடாத பெடல்

திண்டுக்கல்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள ரூபி அக்காவுக்கு,

ஜெரோம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஆயக்குடிக்கு நேரில் வந்தால் மச்சான் நாயை அவிழ்த்துவிடுவார் என்று பேச்சு. தபால்காரரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்தக் கார் நம் ஷெட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது அக்கா. சிறுமலை ராயப்பராஜ் ஐயாவின் பச்சைக் கலர் ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டு சீட்டு. ஆறு வருஷத்துக்கு முன் நீ கிளட்ச் சோதித்தபோது பாய்ந்து, அப்பாவைப் பட்டறை மேஜையோடு வைத்து நசுக்கியதே, அதேதான். இத்தனை வருஷமும் அவர் எஸ்டேட் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்திருக்கிறது. இப்போது அவர் மகள் தன் கல்யாணத்துக்கு அதில்தான் கோயிலுக்குப் போவேன் என்று நிற்கிறாளாம். "உங்கப்பா பாதியில விட்ட வேலையை நீ முடிச்சுக் குடு தம்பி" என்று லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாலு நாள் அதன் பக்கமே போகவில்லை. நேற்று கோயில் விட்டு வந்து, உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். காற்றை மிதித்த மாதிரி உள்ளே போனது. ஸ்பிரிங் மட்டும் பெடலைத் திரும்பத் தூக்கியது. கார்ப்பெட்டைப் புரட்டினேன். பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் கம்பியையும் சேர்க்கிற பின், அப்பா லேத்தில் கடைந்து போட்ட புது பின், கீழே கிடந்தது. தேய்ந்து முட்டை வடிவமாகிப் போன பழைய துளையை அவர் பெரிதாக்கி அடித்த கன்மெட்டல் புஷ் வளையம் இன்னும் பளபளவென்று இருக்கிறது. ஒரு நூல் ஆட்டம் இல்லை. ஆனால் அந்தப் பின் நழுவாமல் இருக்க நுனியில் கோர்க்க வேண்டிய ஸ்பிளிட் பின் இல்லை. அது உடைந்து விழுந்த தடமும் இல்லை. போடவே இல்லை.

அக்கா, நீ மிதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். உன் காலுக்குக் கீழே பெடல் தனியாகக் கழன்றுவிட்டது.

நீ அன்றைக்கே சொன்னாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "மிதிச்சுக்கிட்டுத்தான்டா இருந்தேன், திடீர்னு பெடலு வெறுசாப் போச்சுடா." நான் என்ன சொன்னேன் என்று திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும்.

வந்து பார்த்த போலீஸ்காரர்கள் பிரேக்கைப் பார்த்துவிட்டு விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் கிளட்சைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

அப்பா ஸ்பிளிட் பின் போட மறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. உன் மேல் தப்பே இல்லை. என்னை மன்னித்துவிடு.

தம்பி,
ஜெரோம்


ஆயக்குடி
16 செப்டம்பர் 2024

ஜெரோமுக்கு,

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. ரெண்டு வெள்ளாடு இருக்கிறது. சேவியர் அதைக்கூட அதட்ட மாட்டார்.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டு படித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை மூன்று தரம் சொல்லி முடித்து, நான்காம் தரமும் ஆரம்பித்துவிட்டார்கள். "ஏனுங் டீச்சர், மேலுக்கு முடியலீங்களா?" என்று ஆயா வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேன்.

ஆறு வருஷமாக நான் எந்த வண்டியும் ஓட்டவில்லை, தெரியுமா? பஸ்ஸில் டிரைவர் கால் தெரிகிற சீட்டில் உட்கார மாட்டேன். ஒருவேளை நான்தான் காலை எடுத்துவிட்டேனோ, எடுத்துவிட்டு மிதித்ததாக நினைத்துக்கொள்கிறேனோ என்று என்னையே கேட்டுக் கேட்டு, என் கால் சொன்னதை நானே நம்பாமல் போனேன். நீ மூணு வார்த்தையில் செய்தது அது. "நீதான் அப்பாவக் கொன்ன." உனக்கு எழுதத் தெம்பில்லை என்றாயே, நான் எழுதிவிட்டேன்.

சரி. என் மேல் தப்பில்லை என்கிறாய். இப்போது அப்பா மேல் போடுகிறாயா? அவர் திரும்பி வந்து கேட்க மாட்டார் என்ற தைரியமா? முப்பது வருஷத்தில் பவுல்ராஜ் போட்ட பெடல் ஒன்று ஆடியது என்று கோயம்புத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு ஆள் திருப்பி அனுப்பியது உண்டா? அவரா மறந்தார்?

ரெண்டு கேள்வி கேட்கிறேன். நேராகப் பதில் எழுது.

முதலாவது, அந்தப் பின்னில் கிரீஸ் இருந்ததா? முடித்த வேலைக்குத்தான் அப்பா கிரீஸ் வைப்பார். அளவு பார்க்கச் சும்மா செருகிப் பார்க்கும்போது காய்ந்த பின்னைத்தான் போடுவார்.

ரெண்டாவது, வேலை முடியாத வண்டி என்றால் ஸ்டீரிங்கில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அந்தத் துணி இருந்தால் நம் ஷெட்டில் எவரும் சாவியைத் தொட மாட்டார்கள். நான் ஏறுவதற்கு முன் பார்த்தேன். துணி இல்லை. இதை நான் கர்த்தர் முன்னால் சொல்வேன். அப்பா வேலையை முடிக்கவில்லை என்றால், துணி எங்கே போனது?

ரூபி


திண்டுக்கல்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ பதில் எழுதியதே எனக்குப் பெரிசு.

நீ கேட்டதற்காக எல்லாவற்றையும் கழற்றி அளந்து பார்த்தேன். புஷ் உள் விட்டம் எட்டு மில்லி. பின் ஏழு புள்ளி ஒன்பது ஆறு. பழைய பின்னையும் அப்பா டப்பாவில் போட்டு வைத்திருந்தார், அது நடுவில் தேய்ந்து ஆறு புள்ளி ரெண்டுதான் இருக்கிறது. பெடலின் பழைய துளை பத்தரை மில்லிக்கு நீண்டிருக்கும் போல. அந்த ஆட்டத்திலேயே பாதி மிதி வீணாகியிருக்கும், கியர் போடும்போதெல்லாம் கரகரத்திருக்கும். அப்பா செய்த வேலைக்குப் பிறகு அந்த ஆட்டம் முழுக்கப் போயிருக்கிறது. பெடல் சுழல்கிற மேல் புஷ்ஷையும் மாற்றியிருக்கிறார். அதில் ஒரு மில்லியில் நூறில் மூன்று பங்குதான் இடைவெளி.

கிரீஸ் இல்லை. ஆறு வருஷத்தில் காய்ந்திருக்கலாம்.

துணி பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை அக்கா. அன்று நடந்த களேபரத்தில் யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

கன்னிவாடியில் எனக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். பேர் ரீனா. நீ வந்து முன்னால் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அம்மாவை நான் சரிக்கட்டுகிறேன்.

ஜெரோம்


ஆயக்குடி
30 செப்டம்பர் 2024

ஜெரோம்,

ஆறாம் வகுப்பில் கணக்குத் தாளை ஒளித்து வைத்துவிட்டு, வாத்தியார் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாய். எத்தனை மணிக்கு மணி அடித்தது, எத்தனை பெஞ்சு காலியாக இருந்தது, எல்லாம் சொன்னாய். நீ பொய் சொல்லும்போதுதான் உனக்கு அளவுகள் அத்தனை சுத்தமாக வரும். இந்தத் தடவை தசமப் புள்ளி வரைக்கும் போயிருக்கிறாய்.

அன்று காலை ராயப்பராஜ் ஐயா போன் பண்ணினார். கார் உள்பக்கம் எப்படி இருக்கிறது, போட்டோ அனுப்பச் சொல்லுங்கள் என்று கேட்டார். அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டே அதை என்னிடம் சொன்னார். அப்பாவுக்கு போட்டோ எடுக்கத் தெரியாது. நான் எடுக்கவில்லை.

யார் எடுத்தது?

ரூபி


திண்டுக்கல்
6 அக்டோபர் 2024

அக்கா,

நான் எடுத்தேன்.

பழைய போனுக்கு சார்ஜ் ஏற்றித் தேடினேன். இருக்கிறது. காலை பத்து மணி நாற்பது நிமிஷம். ஸ்டீரிங், மீட்டர் எல்லாம் துடைத்துப் பளிச்சென்று இருக்கிறது. துணி இல்லை. அடுத்த போட்டோ கை தவறி எடுத்தது, அதில் என் இடது கையும் பேன்ட் பாக்கெட்டும் தெரிகிறது. பாக்கெட்டிலிருந்து சிவப்பாக ஒரு முனை தொங்குகிறது.

எண்ணெய்க் கறை படிந்த துணி போட்டோவில் அசிங்கமாக இருக்கும் என்று அவிழ்த்தேன். எடுத்ததும் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஒரு போன் வந்தது, பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் போய்விட்டேன். பேசி முடிப்பதற்குள் உள்ளே சத்தம் கேட்டது.

அப்பா வேலையை முடிக்கவில்லை அக்கா. மறக்கவும் இல்லை. அளவு பார்க்கப் பின்னைச் செருகிவிட்டு, துணியைக் கட்டிவிட்டு, ஸ்பிளிட் பின் எடுக்கத்தான் மேஜைக்குப் போயிருக்கிறார். அந்த டிராயர் திறந்தே கிடந்தது, நான் பார்த்தேன். கார் அவரை நசுக்கிய இடம் அந்த டிராயருக்கு நேர் முன்னால்.

இதை ஆறு வருஷமாகத் தெரிந்தே மறைத்தேனா என்று கேட்பாய். எனக்கே தெரியவில்லை. உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னபோது துணி என் பாக்கெட்டில்தான் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் துணியைப் பற்றி நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. உன் கடிதத்தில் "துணி எங்கே போனது" என்று படித்தவுடன் என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. அப்படியும் உனக்கு மில்லிமீட்டர் கணக்கு எழுதி அனுப்பினேன். நான் எப்பேர்ப்பட்டவன் பார்.

நீ என்ன சொன்னாலும் செய்கிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்லச் சொல்லாதே என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். அதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று எழுதி முடிக்கும்போது தெரிகிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது அக்கா. அவளுக்கு பிரஷர் அதிகம். இது தெரிந்தால் தாங்க மாட்டாள்.

ஜெரோம்


ஆயக்குடி
14 அக்டோபர் 2024

ஜெரோம்,

ஒரு வாரம் என்னால் பேனாவைத் தொட முடியவில்லை. கோபத்தினால் என்று நினைக்காதே. அதைவிட மோசமான ஒன்று.

நான் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்ததும் அப்பா மேஜைப் பக்கமிருந்து திரும்பினார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். எஞ்சின் சத்தத்தில் அவர் சொன்னது கேட்கவில்லை. எப்போதும் போல "போடு, பாக்கலாம்" என்கிறார் என்று நினைத்தேன். கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, பத்து வரை எண்ண வேண்டும். ஹேண்ட்பிரேக் போடக் கூடாது, கார் துளியும் ஊரக் கூடாது. அதுதானே நம் சோதனை? ஆட்டம் எடுத்த பெடலுக்கு என் கால்தான் முதலில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பாரே. நான் நாலு எண்ணினேன்.

அவர் வேண்டாம் என்று கையை ஆட்டியிருக்கிறார், ஜெரோம். நிறுத்து, நிறுத்து என்று ஆட்டியிருக்கிறார். ஆறு வருஷமாக அந்தக் கை எனக்குச் சம்மதம் சொன்ன கை. அதை நினைத்துத்தான் நான் கொஞ்சமாவது ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் போய்விட்டது. சோறு பிசைகிறபோது அந்தக் கை வருகிறது. கரும்பலகையில் எழுதும்போது வருகிறது.

துணியை அவிழ்த்ததற்கு நான் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டேன். நானும் அவிழ்த்திருப்பேன். போட்டோவுக்காக நிமிஷ நேரம் அவிழ்க்காத ஆள் யார்? ஆனால் அந்த வராந்தாவில் நீ சொன்னது நிமிஷ நேரத் தப்பு இல்லை.

அம்மாவிடம் நீ சொல்ல வேண்டும். உன் வாயால் சொல்ல வேண்டும். தாங்க மாட்டாளா? நான் தாங்கவில்லையா? அப்பா அடக்கம் முடிந்து வந்த அன்று வாசற்படியில் நின்றுகொண்டு, "எம் புருசன முழுங்குனவ இந்த வாசல மிதிக்கக் கூடாது" என்றாளே, நான் பையைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்கு வரவில்லையா? என் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போகாத பிள்ளைத்தாய்ச்சி பழனி ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான். வலி எடுத்தபோதுகூட, தெரியாமல் செய்துவிட்ட கோபம்தானே, உண்மை தெரிந்தால் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். கட்டியவனை இழந்தவள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதோடு என்னால் வாழ முடிந்தது.

எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம். எனக்கு என் அம்மா வேண்டும். போய்ச் சொல்.

ரூபி


திண்டுக்கல்
3 நவம்பர் 2024

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபம் முடிந்து வந்தோம். அம்மா அடுப்படியில் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். பின் கீழே கிடந்தது, கிரீஸ் இல்லாதது, போட்டோ, துணி, எல்லாம். அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தயாராக இருந்தேன். மாத்திரையைக்கூட எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை அக்கா.

"எனக்கு அன்னைக்கே தெரியும்யா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று சாயங்காலமே, ரத்தம் பட்டது என்று என் பேன்ட்டை ஊற வைக்க எடுத்திருக்கிறாள். பாக்கெட்டில் துணி. முப்பது வருஷம் அந்த ஷெட்டுக்குச் சோறு கொண்டு போனவளுக்கு அந்தத் துணி என்ன என்று தெரியாதா? அடுப்பில் போட்டு எரித்துவிட்டாளாம்.

நான் கத்தினேன். "அப்ப அக்காவ ஏம்மா வெரட்டுன?" என்று கேட்டேன். அவள் அரிவாள்மனையைப் பார்த்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன்னிடம் இனி எதையும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

"ஊரு ஒருத்தரச் சொல்லத்தான் செய்யும். பொம்பளப் பிள்ள எப்புடியும் வேற வீட்டுக்குப் போறவ. நீ கெட்ட பேரோட நின்னா ஷெட்ட யாரு பாக்குறது, என்னைய யாரு பாக்குறது? அவ பக்கத்துல இருந்தா என்னைக்காச்சும் பேச்சு வரும். அதான் போகச் சொன்னேன்."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். நேற்று ராத்திரி ஷெட்டில்தான் படுத்தேன். அவள் சமைத்ததை நான் சாப்பிடவில்லை. என் தப்புக்கு நீ தண்டனை அனுபவித்தாய் என்பதையே இப்போதுதான் ஜீரணித்துக்கொண்டிருந்தேன். அதை ஒருத்தி தெரிந்தே உன் தலையில் கட்டினாள், அவள் நம் அம்மா என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ரீனாவுக்கும் கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கிறார்கள். அதற்கு முன்னால் கன்னிவாடிக்குப் போய் ரீனாவிடமும் அவள் வீட்டாரிடமும் சொல்லப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜெரோம்


ஆயக்குடி
9 நவம்பர் 2024

ஜெரோம்,

நேற்று அம்மா இங்கே வந்தாள்.

உன் கடிதம் முந்தின நாள்தான் வந்திருந்தது. சேவியர் கொய்யாத் தோப்புக்குப் போயிருந்தார். நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு முற்றத்தில் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு கிழவி நிற்கிறாள் என்று நினைத்தேன். அம்புட்டு இளைத்துவிட்டாள், நீ எழுதவே இல்லை. பழனி பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்து நடந்து வந்திருக்கிறாள். செருப்பெல்லாம் செம்மண்.

எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. நீ எழுதியது, அவள் சொன்னது, எல்லாம். ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். "அம்மா வா" என்றேன். ஆறு வருஷம் கழித்து அந்த வார்த்தையைச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். சோறு போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வாள், கை கழுவிவிட்டுச் சொல்வாள் என்று காத்திருந்தேன். "தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்ல வேண்டாம். "நல்லா இருக்கியா" என்றால்கூடப் போதும் என்று இருந்தது.

கை கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"தாயி, தம்பி எதையாவது கிறுக்குத்தனமாப் பேசிக்கிட்டு அலையுறான். பொண்ணு வீட்டுல வந்து ஒங்கிட்ட கேட்டா, ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு. மூணு ஓலையும் வாசிச்சு முடியட்டும். அதுவரைக்கும் எங்காலுதான் நழுவிருச்சுன்னு இருந்துக்க. ஒனக்குத்தான் பழகிருச்சுல்ல."

பழகிவிட்டதாம்.

நான் கையை உருவிக்கொண்டேன். கத்தவில்லை. அழவும் இல்லை. மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தேன், வெயில் அதிகம், அவளால் முடியாது. பஸ் வந்ததும் ஏற்றிவிட்டேன். "என்ன, சரிதான?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். நான் வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தேன்.

நீ பதினேழாம் தேதிக்கு முன்னால் கன்னிவாடிக்குப் போ. ரீனாவிடம் எல்லாவற்றையும் சொல். அவர்கள் என்னைக் கேட்டால் நான் உள்ளது உள்ளபடி சொல்வேன். துணியை நீ அவிழ்த்தாய், ஆனால் கடைசியில் நீயே ஒப்புக்கொண்டாய் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். உன்னோடு எனக்கு இனிப் பகை இல்லை.

ஒன்று மட்டும் நீ தெரிந்துகொள். அம்மா இங்கே ரெண்டு மணி நேரம் இருந்தாள். அந்த ரெண்டு மணி நேரமும் என் மகள் அவள் எதிரிலேயே சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்று வயது. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் வளையலைக்கூடத் தொட்டுப் பார்த்தாள். நான் உள்ளுக்குள் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பவுலின், அப்பா பேர்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

பிள்ளை பேரென்ன என்று அம்மா கடைசி வரைக்கும் கேட்கவே இல்லை.

அக்கா,
ரூபி